விளக்கு முதலில் இறங்கட்டும்

"நில்லு, நில்லு புள்ள. வெளக்கு எறங்குச்சா?"

நான் கதை படிக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா இப்படிக் குறுக்கே விழாத நாளே கிடையாது. கதையில் துப்பறிகிறவர் அப்போதுதான் பாழடைந்த பங்களாவில் ஒரு தரைக்கல்லைப் புரட்டியிருப்பார். கீழே படிகள் தெரியும். நூறு வருஷமாக மூடிக் கிடந்த நிலவறை. கையில் துப்பாக்கியோடு அவர் தடதடவென்று இறங்குவார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். அக்கா கையை நீட்டி மறித்துவிடுவார்.

"இல்லீங்க அக்கா. அவரே இறங்கிட்டாருங்க."

"வெறுங்கையோடவா?"

"துப்பாக்கி இருக்குதுங்க."

"துப்பாக்கிய வெச்சுக் காத்தையா சுடுவான்? நூறு வருசம் மூடுன குழி! மூணாம் படியிலயே அவன் செத்துட்டான். செரி, என்னமோ எழுதியிருக்கானே, படி."

"கீழே ஒரு எலும்புக்கூடு கெடக்குதுங்களாம்."

"அது இவனுக்கு முந்தி வந்த துப்பறியறவனா இருக்கும்" என்பார் அக்கா. சொல்லிவிட்டு அவரே குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். பிறகு முழங்காலைக் கட்டிக்கொண்டு, "ம், அப்பறம்? அந்தப் புள்ள எங்க? கட்டிப் போட்டிருக்கானா? சீக்கிரம் படி!" என்று பரபரப்பார்.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊருக்கு நான் மருமகளாக வந்த புதிது அது. எனக்குப் பத்தொன்பது வயது. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தேன். ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச வராது. மாமியார் எதையாவது கேட்டால் தலையை ஆட்டுவேன். அவருக்கு அது பிடிக்காது. "ஊமையக் கட்டிக்கிட்டு வந்துட்டமா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறார். எழுத்தைப் பார்த்துப் படிக்கும்போது மட்டும் என் குரல் தடையில்லாமல் வரும். அதைக் கண்டுபிடித்தவர் அக்காதான். நான் ஒருநாள் கடலைக்காய் கட்டி வந்த தாளைப் பிரித்து, கூரைநிழலில் தனியாக வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "மீதியையும் படி சாமி, பாதியில உட்டா எனக்குச் சோறு எறங்காது" என்று ஒரு குரல் வந்தது.

அவருக்கு நாற்பது வயது இருக்கும். குச்சி மாதிரி மெலிந்த உடம்பு. எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. என் வீட்டுக்காரர் நாமக்கல் சந்தைக்குப் போனால், எனக்காக அட்டை கிழிந்த துப்பறியும் புத்தகம் ஒன்றிரண்டு வாங்கி வருவார். எனக்காக என்று சொல்வதுதான் வழக்கம். அதற்காக முதலில் ஓடி வருகிறவர் அக்கா. வண்டிச் சத்தம் கேட்டதுமே வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு வந்து, "இந்தத் தடவை குழி இருக்குதா?" என்று கேட்பார்.

இருக்கும். அந்தக் காலத்துக் கதைகளில் நிலவறை இல்லாமல் யாருக்கும் பொழுது போகாது. ஜமீன்தார் மாளிகையில் ஒன்று இருக்கும். கள்ள நோட்டு அடிக்கிறவனுக்கு ஒன்று இருக்கும். போலிச் சாமியார் மடத்தில் புலித்தோலுக்கு அடியில் ஒன்று இருக்கும். எல்லாவற்றிலும் பந்தம் எரியும். ஒரு பெண்ணை அங்கே ஆறு மாதம் அடைத்து வைத்திருப்பார்கள், அவள் வாடாத மல்லிகைப் பூ மாதிரி இருப்பாள்.

எங்கள் ஊரில் நிலவறை என்ற சொல்லே கிடையாது. குழி என்றுதான் சொல்வார்கள். ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் அது இருந்தது. எங்கள் வீட்டில் உள்ளறைத் தரைக்குக் கீழே என் வீட்டுக்காரருடைய பாட்டனார் கட்டியது. வாய் ஓர் ஆள் நுழையும் அகலம்தான். கீழே போகப் போகப் பானை வயிறு மாதிரி விரிந்து, நாலு பேர் நிற்கலாம். சுற்றிலும் கல் சுவர். வைக்கோல் பரப்பி ராகியைக் கொட்டி, மேலே பலகைக்கல்லைப் போட்டு, விளிம்பைச் சாணியும் மண்ணும் குழைத்துப் பூசிவிடுவார்கள். ஐந்தாறு வருஷம் ஆனாலும் பூச்சி விழாது. திருட்டுப் பயம் வந்தால் பித்தளைப் பாத்திரங்களும் நகைப்பெட்டியும் அதே வழியாக இறங்கும்.

அக்காவின் பிறந்த வீடு புதுச்சத்திரம் பக்கம். மெலிந்த உடம்பு என்பதால் சிறு வயதிலேயே அங்கே அவரைத்தான் குழியில் இறக்குவார்களாம். ஊரில் எந்த வீட்டில் குழி திறந்தாலும் அக்காவுக்கு ஆள் வரும். ஆள் வராவிட்டாலும் அவர் போய்விடுவார். கல்லைப் புரட்டிக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, உறியில் ஒரு விளக்கை வைத்துக் கயிற்றில் இறக்குவார்கள். நெருப்பு நின்று எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் கீழே காற்று செத்துப் போயிருக்கிறது என்று அர்த்தம். வேப்பங்கொப்புகளைக் கட்டிக் கயிற்றில் விட்டு, வாளியில் தண்ணீர் சேந்துகிற மாதிரி ஏற்றி இறக்கி அடிப்பார்கள். மறுபடி விளக்கு. அக்கா குழிவாயில் குப்புறப் படுத்து அந்தச் சுடரையே பார்ப்பார். மற்றவர்கள் தேர் அசைவதைப் பார்க்கிற மாதிரி இருக்கும் அவர் முகம்.

"நின்னுது! நின்னுது! பாருங்க, நின்னு எரியுது!" என்று கையைத் தட்டுவார்.

அப்புறம் ஏணியில் சரசரவென்று இறங்கிவிடுவார். கீழேயிருந்து அவர் குரல் குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி வரும். "ஏனுங்கோ, என்ன குளுகுளுன்னு இருக்குது! ஒரு கட்டலப் போட்டுக் குடுங்க, சித்திர வெயிலு முடியற வரைக்கும் நான் இங்கயே இருந்துக்கறேன்!"

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்திலிருந்து ஜனங்கள் எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ஓடி வந்தார்களே, அந்த வருஷம் எங்கள் ஊருக்கு ஓர் அதிகாரி வந்தார். கால்சட்டை, தொப்பி, கையில் ஒரு காகிதக் கட்டு. ஆகாயவிமானச் சத்தம் கேட்டால் எப்படித் தரையில் படுப்பது, எப்படிப் பள்ளம் வெட்டி ஒளிவது என்றெல்லாம் கோயில் முன்னால் நின்று சொன்னார். பிறகு, "உங்கள் வீடுகளில் பூமிக்கு அடியில் அறைகள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். குடும்பத்தோடு அதில் இறங்கிக் கல்லை மூடிக்கொண்டால் ரொம்பப் பாதுகாப்பு" என்றார்.

ஆண்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். பதுக்கல் என்று தானியத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டால்? குழியைப் பற்றி அதிகாரியிடம் யார் பேசுவார்கள்? அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏனுங்க சாமி, அந்த ஜப்பான்காரனுக்கு ஒரு கடுதாசி போட்டுருங்க" என்றார். "நாங்க குடும்பத்தோட குழியில எறங்கிக் கல்லு மூடிக்கிறோம்னு எழுதுங்க. அவனுக்குக் குண்டு மிச்சம்."

கூட்டம் சிரித்த சிரிப்பில் அதிகாரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு வண்டி ஏறிவிட்டார். அவர் கொடுத்துவிட்டுப் போன காகிதத்தை அன்று மாலையே என்னைப் படிக்கச் சொன்னார் அக்கா. முழுதும் கேட்டுவிட்டு, "இவனும் வெளக்கைப் பத்தி எழுதலை" என்றார்.

எங்கே எது தப்பாக இருந்தாலும் அவரால் விட முடியாது. கதை பொய் என்பது அவருக்குத் தெரியும். பேய் வரலாம், செத்தவன் எழுந்து வரலாம், அதற்கெல்லாம் வாய் பிளந்து கேட்பார். குழி மட்டும் நிஜமாக இருக்க வேண்டும். ஒருமுறை ஒரு மாதப் பத்திரிகையில் வந்த தொடர்கதையில், கதாநாயகி நிலவறைக்கல்லைத் தூக்குகிற இடத்தில் 'தொடரும்' போட்டுவிட்டார்கள். அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அந்தப் புள்ள எறங்கிரும். வெவரம் தெரியாத புள்ள. எழுது, கார்டு எழுது!" என்று என்னை உட்கார வைத்தார்.

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'கதை எழுதுகிற ஐயா அவர்களுக்கு நமஸ்காரம். மூடின குழியில் ஆளுக்கு முன்னால் விளக்கு இறங்க வேண்டும். நீங்கள் எழுதுவதைப் படித்துவிட்டு யாராவது இறங்கினால் அந்தப் பாவம் உங்களுக்கு. மற்றபடி கதை நன்றாக இருக்கிறது. அந்தச் சித்தப்பாவைச் சீக்கிரம் சாகடிக்கவும்.'

பதில் வரவில்லை. ஆனால் அடுத்த மாதம் கதாநாயகி ஒரு அரிக்கன் விளக்கைக் கயிற்றில் கட்டி முதலில் கீழே விட்டாள். நான் அந்த வரியைப் படித்ததும் அக்கா எழுந்து நின்றுவிட்டார். "நாம எழுதுனது! நாம எழுதுனது புள்ள!" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குதித்தார். எழுதுகிறவர் அதை முன்பே எழுதி வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. ஊர் முழுக்க அக்கா அதைச் சொல்லிவிட்டு வந்தார்.

என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் கேலி. "பொம்பளை வந்து வெளக்குப் புடிச்சாத்தான் இந்த ஊர்ல குழி தொறக்கும்" என்று சந்தையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது அவர் மனசில் தைத்திருக்க வேண்டும். எங்கள் குழியை என் மாமனார்தான் கடைசியாக மூடினார். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே அவர் தவறிவிட்டார். அதிகாரி வந்துபோனதற்கு அடுத்த வருஷம் மழை பொய்த்து, வீட்டில் மேலே இருந்த தானியம் தீர்ந்தபோது, முதல்முறையாக என் வீட்டுக்காரர் தன் கையால் குழி திறக்க வேண்டியிருந்தது.

"அக்காவக் கூப்புடட்டுங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? எனக்கு வெளக்கு எறக்கத் தெரியாதா?"

காலையில் கல்லைப் புரட்டினார். முறைப்படி விளக்கை இறக்கினார். நானும் மாமியாரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பாதி ஆழத்துக்குப் போனதும் சுடர் சுருங்கி அணைந்துவிட்டது. தூக்கி, ஏற்றி, மறுபடி விட்டார். மறுபடி அணைந்தது.

அவர் விளக்கைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். "கன்ட்ரோல் எண்ணெய்! பாதி தண்ணி. நேத்து அடுப்படியில இப்புடித்தான அணைஞ்சுது?"

உண்மைதான். சண்டைக் காலத்தில் கன்ட்ரோல் கடையில் அளந்து ஊற்றுகிற சீமெண்ணெய் கிடைப்பதே பாடு. கிடைத்தாலும் திரி சடசடவென்று பொரிந்து அணைந்துவிடும். அந்த வாரம் முழுவதும் அப்படித்தான் இருந்தது.

"ஆமாங்க, நேத்தும் அணைஞ்சுதுங்க" என்றேன்.

என் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. அவர் விளக்கை ஓரமாக வைத்துவிட்டு, இடுப்பில் கயிறுகூடக் கட்டாமல் ஏணியில் இறங்கினார். தலை மறைந்தது. கூடையைக் கேட்டு ஒரு சத்தம் கொடுத்தார். நான் கூடையை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் ஏணி ஆடுகிற சத்தம் கேட்டது. கூப்பிட்டேன். பதில் இல்லை.

மாமியார் அலறினார். நான் வேலியைத் தாண்டி ஓடினேன். அக்கா களத்தில் கடலைக்காய் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா... அவரு... குழியில..."

"வெளக்கு?"

"அணைஞ்சுதுங்க. எண்ணெய்னு நெனச்சு..."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. பக்கத்து வயற்காட்டில் வேலை செய்துகொண்டிருந்த அண்ணன் தம்பியான இரண்டு ஆட்களைக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டே எங்கள் வீட்டுக்குள் பாய்ந்தார். கிணற்றுக் கயிறுகள் இரண்டைக் கொண்டுவரச் சொன்னார். வந்தவர்களில் அண்ணன்காரர் நேரே ஏணியில் கால் வைத்தார். அக்கா அவர் குடுமியைப் பிடித்து இழுத்தார்.

"ஒருத்தனும் எறங்கப்படாது! ஒண்ணு கெடக்குது, ரெண்டாக்கோணுமா? கொப்பைக் கட்டி அடி! தண்ணியத் தெளி!"

தம்பிக்காரர் வேப்பங்கொப்பைக் கயிற்றில் விட்டு அடித்தார். நான் குடத்துத் தண்ணீரைக் குழிக்குள் வீசினேன். அதற்குள் அக்கா ஒரு கயிற்றைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டார். இன்னொரு கயிற்றின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"நான் கெணத்துல முங்கி மண்ணெடுத்தவ. இருபது எண்ணற வரைக்கும் மூச்சு தாங்குவேன். அதுக்குள்ள அவனக் கட்டிருவேன். இருபது ஆச்சுன்னா, நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தாலும் இழுத்துரோணும்." பிறகு என்னைப் பார்த்தார். "நீ எண்ணு. நீதான் படிச்சவ. சத்தமா எண்ணு."

மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு இறங்கினார்.

நான் எண்ணினேன். என் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்துக்கு எண்கள் வந்தன. ஐந்து ஆறு ஏழு எட்டு என்று ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு ஓடின. கீழே இரண்டு உயிர். இருபது என்று கத்தினேன். அண்ணன் தம்பி இருவரும் இழுத்தார்கள்.

அக்கா மட்டும் வந்தார். கையில் அவிழ்ந்த கயிறு. குழிவாயில் சாய்ந்து இரைக்க இரைக்க மூச்சு விட்டார். ஏற இறங்க என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. இருபது ஆகவில்லை. பத்துகூட ஆகியிருக்காது. முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கையை நான் இழுத்துவிட்டேன். என் புருஷன் அந்த நேரம் முழுவதும் கீழேயே கிடக்கிறார்.

வேறு யாரையாவது எண்ணச் சொல்லுங்கள் என்று கையைக் காட்டினேன்.

அக்கா என் கன்னத்தில் ஈரக் கையை வைத்தார். "கதை படிக்கிற மாதிரி எண்ணு சாமி. எனக்குப் படிச்சுக் காட்டுவியே, அது மாதிரி" என்றார்.

மறுபடி மூச்சை இழுத்தார். மறுபடி இறங்கினார்.

ஒன்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு. ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குப் போகிற மாதிரி ஒவ்வொரு எண்ணையும் முழுதாகச் சொன்னேன். பன்னிரண்டில் மாமியார், "இழுங்கடா!" என்று கதறினார். கண்ணைத் திறந்தேன். கயிற்றில் இருந்த கைகள் அசைந்தன. நான் நிறுத்தாமல் அவர்களைப் பார்த்து வேண்டாமென்று தலையை ஆட்டி, பதிமூன்று என்றேன். என் குரல் அந்த வீட்டில் அவ்வளவு சத்தமாக அதற்கு முன் கேட்டதில்லை. பத்தொன்பது. இருபது.

இரண்டு கயிறும் கனத்துக்கொண்டு வந்தன.

என் வீட்டுக்காரரை வாசலில் காற்றில் கிடத்தினார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஏணியின் மேல் சாய்ந்தபடி விழுந்ததால் தலை கொஞ்சம் உயரத்தில் இருந்ததாம். அதனால்தான் உயிர் நின்றது என்றார்கள். அக்கா அவர் நெஞ்சில் குத்தினார், முகத்தில் தண்ணீர் அடித்தார், கெட்ட வார்த்தையில் திட்டினார். எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. அவர் ஒருமுறை இருமினார். அப்புறம் வாந்தி எடுத்தார். அக்கா தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "நின்னுது! நின்னுது!" என்று வானத்தைப் பார்த்துச் சிரித்தார்.

அதற்குப் பிறகு வேறு யார் கதையும் எங்களுக்குத் தேவைப்படவில்லை. நாலு ஊர் ஜனங்கள் வந்து அக்காவைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். அவர் சொன்ன விதத்துக்கு எந்தப் புத்தகமும் ஈடாகாது. ஏணியில் எத்தனை குச்சி, என் வீட்டுக்காரர் எந்தத் தோளில் சாய்ந்திருந்தார், ராகி காலடியில் எப்படிச் சரிந்தது, எல்லாம் அப்படியே இருக்கும். கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும், "மொதல் தடவை முடிச்சு நழுவிருச்சு. கை வேர்த்துப் போச்சு" என்பார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். என் பக்கம் திரும்பவே மாட்டார். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

அந்த ஒரு வார்த்தை அவருக்கு வினையாக முடிந்தது. "முடிச்சு நழுவுற கை, நம்பி எறக்க முடியுமா?" என்று யாரோ ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷம் ஊரில் மூன்று வீடுகளில் குழி திறந்தார்கள். ஒரு வீட்டிலிருந்தும் அக்காவுக்கு ஆள் வரவில்லை. இவரும் போகவில்லை. கல் புரட்டுகிற சத்தம் கேட்டால் கடலைக்காய் உரித்துக்கொண்டிருக்கும் கை மட்டும் நின்றுவிடும். "இன்னிக்குப் படிக்கட்டுங்களா அக்கா?" என்று கேட்டால், "தலை வலிக்குது புள்ள" என்பார்.

பிறகு எங்கள் வீட்டுக் குழியின் முறை வந்தது. என் வீட்டுக்காரர், "அக்காவக் கூப்புடு" என்றார். அந்த அண்ணன் தம்பி இருவரும் வந்திருந்தார்கள். அக்கம் பக்கத்தார் ஏழெட்டுப் பேரும் நின்றார்கள். அக்கா வந்து கதவோரமாக நின்றுகொண்டார்.

மாமியார் தயங்கினார். "கூப்புட்டது செரி. ஆனா எறங்கறதுக்கு வேற ஆளப் பாருங்க. அன்னிக்கு முடிச்சு நழுவுனதுல எம் பையன் போயிருப்பான்."

அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பினார்.

"முடிச்சு நழுவலீங்க அத்தை" என்றேன்.

எல்லாரும் யார் பேசியது என்று பார்த்தார்கள்.

"நான்தானுங்க வேகமா எண்ணிட்டேன். இருபதுன்னு சொன்னப்ப பத்துகூட ஆகலீங்க. அக்கா கட்டிக்கிட்டு இருக்கறப்பவே இழுக்க வெச்சுட்டேன். எம்மேல பழி வரப்படாதுன்னு அக்கா அப்புடிச் சொன்னாங்க."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். கயிற்றை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. என்மேல் பாய்ந்தார். "ஏம் புள்ள, உனக்கு அறிவிருக்குதா? நாலு ஊரும் நம்புன கதை! நல்லா ஓடிக்கிட்டிருந்தத இப்புடிப் போட்டு ஒடச்சுப் போட்டியே!"

கண்ணைத் துடைத்துக்கொண்டே கயிற்றை இடுப்பில் முடிந்தார். விளக்கு இறங்கியது. குப்புறப் படுத்துப் பார்த்தார். கீழே சுடர் ஆடாமல் நின்று எரிந்தது. அவர் ஏணியில் கால் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எண்ணு" என்றார்.

விளக்கு நின்று எரிகிற குழிக்கு எண்ணிக்கையே வேண்டியதில்லை. இருந்தாலும் எண்ணினேன், வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படியாக.